மைக் ஓட்டை இல்லாத அம்பிளிஃபயர்

கடைக்காரர் மூன்று அம்பிளிஃபயர்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றின் முகத்தையும் துணியால் துடைத்து எங்கள் பக்கம் திருப்பினார். பாக்கியம் முதலாவதைப் பிடித்து மறுபடி அவர் பக்கம் திருப்பிவிட்டு, அதன் முதுகைப் பார்த்தாள். பிறகு குனிந்து, முன்பக்கத்தில் திருகுகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அக்கா என்ன ஐயா தேடுறாங்க?" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

"நானா, மைக் குத்திற ஓட்டை இல்லாத அம்பிளிஃபயர் ஒண்டு வேணும்," என்றேன்.

அவர் உப்புக்குளத்து முஸ்லிம் மனிதர், அண்ணன் என்பதற்குப் பதில் நானா என்றுதான் கூப்பிடுவோம். மன்னார் ரவுணில் கடை வைத்து, சனம் கேட்கிற எல்லாவற்றையும் கேட்டுப் பழகியவர். ஆனாலும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். இந்தக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் எத்தனை மைக் போடலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள், இல்லாததைத் தேடி வந்தவர்கள் நீங்கள்தான் என்றார். பிறகு, ஏன் என்று கேட்டார்.

ஏன் என்று ஒரு சொல்லில் கேட்டுவிட்டார். பதில் ஒரு சொல்லில் இல்லை. அன்று கடையில் நின்று நான் அரையும் குறையுமாகச் சொன்னதை இந்த வாரம் இங்கே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கட்டாரில் இருந்து வந்த பெட்டிகள்

இந்தத் தொடரை முதலில் இருந்து வாசிப்பவர்களுக்குப் பாக்கியத்தைத் தெரியும். இன்றுதான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் என் மனைவி. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழரை அடித்துத் துரத்திய கலவரத்துக்குப் பிறகு, சின்னப் பிள்ளையாக, தகப்பனின் தோளில் இருந்தபடி முருங்கன் பக்கம் வந்து சேர்ந்தவள். அவளுடைய ஆட்கள் எங்கள் ஊர் வயல்களில் விளைந்த நெல்லைக் கூலிக்கு அருவி வெட்டினார்கள். என் அப்பாவின் வயலிலும் வெட்டினார்கள். நான் அவளைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன அன்று எங்கள் வீட்டில் நடந்த கூத்தை ஏற்கெனவே எழுதிவிட்டேன். மறுபடி எழுதினால் என் அக்கா இந்த வாரமும் பேப்பரைக் கிழிப்பாள்.

பாக்கியம் எங்கள் தமிழை எங்களை விட நன்றாகப் பேசுவாள். ஆனால் கோபம் வந்தால், அல்லது சந்தோஷம் மிஞ்சிப் போனால், அவளுடைய தாய் வீட்டுத் தமிழ் தானாக வந்துவிடும். கோபமா சந்தோஷமா, எது வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

சண்டை ஓய்ந்து, ஊருக்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டி முடித்த காலம். அவளுடைய தம்பி கட்டாரில் இருந்து லீவில் வந்தான். எல்லாருக்கும் போர்வையும் பால்மாவும் கொண்டு வந்தவன், அக்காவுக்கு மட்டும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் கொண்டு வந்தான். மரநிறம். சின்னப் பானை அளவு. இரண்டையும் தான் உடுக்கிற சாரங்களில் சுற்றி, பிளேனில் மடியில் வைத்துக்கொண்டு வராத குறையாகக் கொண்டுவந்திருந்தான். சின்ன வயதில் அக்கா பக்கத்து வீட்டு வேலியில் சாய்ந்து நின்று றேடியோ கேட்பதை அவன் மறக்கவில்லை.

அதுவரை அவளுக்கென்று வந்த சாமான்கள் எல்லாம் பானை, சட்டி, மண்வெட்டி, தையல் மெஷின். எல்லாம் உழைக்கிற சாமான். ஆசைக்கென்று மட்டும் ஒரு பொருள் அவள் கைக்கு வந்தது அதுதான் முதல் முறை. பெட்டிகளைத் துடைக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பெட்டிகளைப் பாட வைக்காவிட்டால் நான் ஒரு மனிசனே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த கிழமையே வவுனியாவுக்குப் போய் ஒரு அம்பிளிஃபயர் வாங்கி வந்தேன். முன்னுக்கு மினுங்குகிற லைற், பெரிய திருகுகள், இரண்டு மைக் ஓட்டைகள். அந்த இரண்டு ஓட்டைகளும் கூடுதல் இலாபம் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

செற் வீடு

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் சோறாக்குகிற பெரிய கிடாரம் இருந்தால் அது ஊர்க் கிடாரம். ஒரு வீட்டில் படங்கு இருந்தால் மழைக்கும் வெயிலுக்கும் அது ஊர்ப் படங்கு. வாடகை கிடையாது, கேட்கவும் கூடாது. காரியம் முடிந்ததும் சாமானோடு ஒரு சட்டி பாயாசமோ பொங்கலோ வரும். இந்த வழக்கத்தில் வளர்ந்தவன் நான். அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் கலியாணத்துக்கே எல்லாம் இரவல்தான், மாப்பிள்ளையின் மணிக்கூடு உட்பட.

மைக் போடக்கூடிய செற் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது என்று ஊர் அறிய இரண்டு நாள் கூட எடுக்கவில்லை. முதலில், பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்திய வீடு. பிறகு சனசமூக நிலையத்து விளையாட்டுப் போட்டி. பிறகு கமக்காரர் கூட்டம், செத்த வீடு, முன்பள்ளிக் கலைவிழா, கோவில் பொங்கல். அம்பிளிஃபயரை மட்டும் கழற்றிக்கொண்டு போவார்கள். அங்கே வேறு யாருடையதோ புனல் ஸ்பீக்கரில் கொழுவுவார்கள். பாக்கியத்தின் பெட்டிகள் இரண்டும் வீட்டில் வாயடைத்து நிற்கும். பின்னால் வயர்கள் நிலத்தில் கிடக்கும். அவள் கூட்டும்போது அவற்றைத் தூக்கிப் பெட்டி மேல் போடுவாள்.

ஒரு மாதத்தில் செற் எங்கள் வீட்டில் நிற்கிற நாட்களை விட ஊர் சுற்றுகிற நாட்களே கூடுதல். வயலில் களை பிடுங்கிவிட்டு வந்து, கை கால் கழுவி, பாட்டுக் கேட்போம் என்று அறைக்குள் போனால் அங்கே வெறும் மேசை இருக்கும்.

எனக்குக் கடுப்பு. ஆனால் அவள் ஒரு நாளும் யாருக்கும் இல்லை என்று சொன்னது கிடையாது. காரணம் எனக்குத் தெரியும். முதல் முறை இரவல் போன அந்தச் சாமத்திய வீட்டில், நன்றி சொல்லுகிற நேரத்தில், மைக்கில் அவளுடைய பெயரைச் சொன்னார்கள். "ஒலிபெருக்கி தந்துதவிய திருமதி பாக்கியம்" என்று. அவள் பின்வளவில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய கை அப்படியே நின்றது. அதுவரை இந்த ஊர் அவளுக்கு முன்னால் ஒரு பெயரும் பின்னால் ஒரு பெயரும் வைத்திருந்தது. பின்னால் வைத்த பெயர் தோட்டக்காட்டுப் பொம்பிளை. அன்றைக்குப் பிறகு அவள் செற் வீட்டு அக்கா.

அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் கொடுத்தாள். ஒருமுறை இல்லை என்றால் பழைய பெயர் திரும்பி வந்துவிடும் என்று பயந்தாள். அவள் இதை வாய் திறந்து சொன்னதில்லை. கூட இருந்து சாப்பிடுகிறவனுக்குத் தெரியாதா?

செற் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ஏதாவது ஒன்றைக் கொண்டு வரும், ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வரும். மஞ்சள் தண்ணீரோடு வந்தது. எண்ணெயோடு வந்தது. ஒருமுறை உள்ளே பல்லி முட்டையோடு வந்தது. திருகு ஒன்று போய், அந்த இடத்தில் பற்பசை மூடி வந்தது. கடைசியாகப் போன கோவில் காரியத்துக்குப் பிறகு அது உரப்பைக்குள் வந்தது. நாங்கள் வயலில் இருந்த நேரம் யாரோ விறாந்தையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிளக்கைக் குத்தினேன். லைற் கூட எரியவில்லை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் கருகல் மணம்.

எரிந்துவிட்டது என்று ஒருவரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோவிலடிக்குப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் சேட் ஒன்றை எடுத்து மாட்டினேன். பாக்கியம் வாசலில் மறித்து நின்று என்னைப் போகவிடவில்லை. உரப்பையைக் கழுவி, வெயிலில் காயப்போட்டு, மடித்து வைத்தாள். அவர்களுடைய பையாம், திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு அன்று வந்த கோபம் அம்பிளிஃபயருக்காக வந்தது இல்லை. இவளை இப்படிப் பயந்து வாழ வைத்திருக்கிறோமே என்று, ஊர் மேலும் என் மேலும் சேர்த்து வந்தது.

மாலையில் அவள் இரண்டு பெட்டிகளையும் துடைத்து, பழைய சேலைத் துண்டால் மூடிவிட்டாள்.

ஒரு யோசனையும் ஓர் ஆலோசனையும்

சேலைத் துண்டு மூடியபடியே காலம் போயிற்று. பெற்றோல் வரிசை வந்து போனது. உரம் இல்லாத போகம் வந்து போனது. ஒருநாள் ஓய்வூதியம் எடுக்க ரவுணுக்குப் போன இடத்தில், பஸ்ஸுக்கு நிற்கும்போது, எனக்கு ஒரு யோசனை வந்தது. விவசாயக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த காலம் முழுவதும் வராத அளவுக்கு நல்ல யோசனை.

பாக்கியத்துக்கு இல்லை என்று சொல்ல வராது. எனக்கும் வராது, அதை நான் அவளிடம் ஒத்துக்கொண்டதில்லை. நாங்கள் ஏன் சொல்ல வேண்டும்? சாமானே சொல்லட்டும். மைக் ஓட்டை இல்லாத ஒரு அம்பிளிஃபயரை வாங்கினால், அதை வைத்துக்கொண்டு சாமத்திய வீட்டில் யார் என்ன செய்ய முடியும்? கேட்டு வருகிறவருக்கு முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினால் போதும். தானாகத் திரும்பிப் போவார்.

பாக்கியத்திடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப நாம பொய்யும் சொல்லத் தேவையில்லதானே?" என்றாள். தேவையில்லை என்றேன். அன்றைக்கே சேலைத் துண்டை எடுத்துத் தோய்த்துவிட்டாள்.

நாங்கள் அம்பிளிஃபயர் வாங்கப் போகிறோம் என்ற செய்தி வேலி தாண்டிப் பக்கத்து வீட்டில் இருக்கிற குலம் என்பவரிடம் போனது. குலம் என்னோடு படித்தவர், இப்போது அம்மன் கோவில் செயலாளர். கெட்ட மனிசன் இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது என் வயலுக்கு வாய்க்காலில் இருந்து தண்ணீர் மாறிவிட்டவர். ஆனால் ஊருக்கு உதவாத எதையும் அவரால் ஒரு பொருளாக மதிக்க முடியாது. அவர் வந்து கதிரையில் இருந்துகொண்டு, வாங்கினால் பெரிதாக வாங்க வேண்டும், இரண்டு பேர் தூக்குகிற பாரமாக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று மைக்காவது போடவேண்டும் என்று விளக்கினார். நாங்கள் இருவரும் பக்தியோடு தலையாட்டினோம்.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செய்கிற பிழை இது. அம்பிளிஃபயர் என்றால் வெளியே எவ்வளவு தூரம் கேட்கும் என்றுதான் பார்ப்போம். மன்னார்க் காற்று அப்படி. சோளகம் வீசுகிற காலத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே பாதி பறந்துபோகும். அதனால் கடையில் போட்டுப் பார்க்கும்போதும் றோட்டைத் தாண்டிப் போய் நின்று, கேட்கிறதா என்று கையைக் காட்டுவோம். வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்து கேட்பதற்கு எது நல்லது என்று எனக்குத் தெரிந்து ஒருவரும் யோசித்ததில்லை. முதல் தடவை நானும் வவுனியாவில் றோட்டைத் தாண்டித்தான் நின்றேன்.

மடியில் ஸ்பீக்கர்

இந்தமுறை பெட்டிகளையும் கொண்டுபோகலாம் என்றாள் பாக்கியம். அவள் கேட்கப்போவது இந்தப் பெட்டிகளில்தானே, கடைக்காரனுடைய பெட்டிகளில் இல்லையே. இவ்வளவு நேரான ஒரு விஷயம் எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் அவள் மடியில் ஒன்று, என் மடியில் ஒன்று. கொண்டக்டர் பிள்ளைகளுக்கு ரிக்கற் எடுக்கவில்லையா என்று கேட்டார். மன்னார்த் தீவுக்குப் போகிற பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். காற்று யன்னல் வழியாக அடித்தது. பாக்கியம் சேலைத் தலைப்பால் பெட்டியின் முகத்தை மூடிக்கொண்டாள், உப்புக் காற்று உள்ளே போய்விடும் என்று.

இனிக் கடைக்குத் திரும்புவோம். ஏன் என்று கேட்ட கடைக்காரரிடம் நான் கதையைச் சுருக்கிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையை மெதுவாக ஆட்டினார்.

"எனக்கும் வான் வண்டி ஒண்டு இருக்கு ஐயா," என்றார். "அத வாங்கின நாள்ல இருந்து நான் கடைக்கு நடந்துதான் வாறன்."

அதற்குப் பிறகு அவர் எங்கள் ஆள். மேசையில் இருந்த மூன்றையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டார். எல்லாவற்றிலும் மைக் ஓட்டை இருந்தது. பின்னறைக்குப் போய், கைக்குள் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டு வந்தார். அதில் மைக் இல்லை. ஆனால் பெட்டிகளைக் கொழுவிப் பாட்டைப் போட்டதும், சத்தம் தகரத்தில் மழை விழுகிற மாதிரி இருந்தது. பாக்கியம் முகத்தைச் சுளித்தாள். அவர் வற்புறுத்தவில்லை. மறுபடி உள்ளே போனார்.

இரண்டாவதாக அவர் கொண்டுவந்தது ஒரு பழைய யப்பான் சாமான். வெள்ளி நிற முகம். நடுவில் ஒரு பெரிய திருகு, பக்கத்தில் சின்னதாக மூன்று. மினுங்குகிற லைற் ஒன்றும் இல்லை. பார்த்தால் கந்தோர் அலுமாரியின் பூட்டுப் பக்கம் மாதிரி இருந்தது. நல்ல பாரம். அங்கே யாரோ வீட்டில் வைத்துப் பாவித்துவிட்டு விற்றது, கொழும்புக்குக் கப்பலில் வந்தது என்றார். அவர்களுடைய ஊர்க் கரண்ட் குறைவு, அதனால் நம்முடைய கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற ஒரு பெட்டியும் கூட வேண்டும், நேரே குத்தினால் எரிந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பாக்கியம் முதுகைப் பார்த்தாள். பிறகு முன்பக்கத்தில் கீழே ஒரு வட்ட ஓட்டையைக் கண்டு விரலால் தொட்டாள். இது என்ன என்று கேட்டாள். அது காதில் மாட்டிக் கேட்கிறதற்கு, அதால் சத்தம் வெளியே வரும், உள்ளே போகாது என்றார். மைக்கைக் குத்தினால்? குத்தினாலும் ஒன்றும் நடக்காது என்றார். அவள் நம்பவில்லை. கடையில் கிடந்த மைக் ஒன்றை அதில் குத்தி, அவளிடமே நீட்டினார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, "ஹலோ" என்றாள். சத்தம் வரவில்லை. மைக்கில் சத்தம் வராததற்கு ஒருத்தி அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததில்லை.

பிறகு எங்கள் பெட்டிகளைக் கொழுவினார். பாட்டைப் போடாமல், திருகை முழுதாகத் திருகினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பழுது என்று நினைத்தேன். பாக்கியம் பெட்டிக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனாள். எங்கள் பழைய செற் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு இரைச்சல் போடும், வண்டு அடைபட்ட மாதிரி. இதில் அந்த இரைச்சலே இல்லை; அது பாட்டோடு சேர்ந்தது என்றுதான் நாங்கள் இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

திருகை இறக்கி, அவளுடைய போனில் இருந்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். அவளுக்கு மனப்பாடமான பாட்டு. வயலில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை முணுமுணுப்பாள். இடது பக்கத்தில் வயலின் தொடங்கியது. வலது பக்கத்தில் தபேலா. பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவில், கடைக்காரரின் கல்குலேற்றர் இருந்த இடத்தில் வந்து நின்றார். அவர் முதல் வரியைத் தொடங்குவதற்கு முன் மூச்சை இழுத்தார். அந்த மூச்சு எனக்கே கேட்டது.

பாக்கியம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "மூச்சு விடுறாருங்க," என்றாள். மலைத்தமிழ் வந்துவிட்டது. இந்தமுறை கோபம் இல்லை என்று எனக்கு உடனே விளங்கியது, ஏனென்றால் அவள் கண்ணைத் துடைத்தாள். நான் றோட்டைத் தாண்டிப் போய் நிற்கவில்லை. காசைக் கொடுத்தேன்.

குலம் வந்தார்

வீட்டில் அதை அறை மூலையில் வைத்தோம். கரண்டைக் குறைக்கிற பெட்டி அதற்குப் பக்கத்தில் கட்டிப்பிடித்த மாதிரி நின்றது. பின்னேரம் வயலால் வந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, இருவரும் கதிரையில் இருப்போம். அவள் ஒவ்வொரு பாட்டிலும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பாள். இந்த இடத்தில் ஒரு சலங்கை இருக்கிறது, இத்தனை வருடமாக எங்கே ஒளிந்திருந்தது என்பாள். எனக்குச் சலங்கை கேட்காது. கேட்டதாகச் சொல்லுவேன்.

அந்த மாதங்களில் அவள் உடம்பு கூடத் தேறியது. நான் சும்மா சொல்லவில்லை, கிளினிக் நேர்ஸும் சொன்னா.

கோவில் திருவிழாவுக்குக் கொடியேற நாள் குறித்திருந்த ஒரு பின்னேரம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யன்னலால் பார்த்தேன். குலம் சைக்கிளைப் பிடித்தபடி எங்கள் முற்றத்தில் நிற்கிறார். கூப்பிடவில்லை. பாட்டு முடிகிற மட்டும் நின்று கேட்டுவிட்டுத்தான் இருமினார். ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்று குலத்துக்குத் தெரிந்தால், அது ஊருக்கு வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

உள்ளே வந்து இருந்தார். பாக்கியம் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள். நான் எதிர்பார்த்த கேள்வியைக் குலம் கேட்டார். பெரிய திருவிழாவுக்கு வாடகைச் செற் வரும், மற்ற நாட்களின் அபிஷேகத்துக்கும் அறிவித்தலுக்கும் எங்கள் செற்றைத் தர வேண்டும் என்றார்.

நான் தயாராக இருந்தேன். எழுந்துபோய் அம்பிளிஃபயரை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன். இதில் மைக் குத்த ஓட்டையே இல்லை, என்ன செய்கிறது, நாங்களும் பார்க்காமல் வாங்கிவிட்டோம் என்றேன். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன்.

குலம் கவலைப்படவில்லை. சுவிஸில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் கோவிலுக்கு ஒரு மிக்ஸர் வாங்கி அனுப்பியிருக்கிறார்களாம். எட்டு மைக் அதிலேயே போடலாமாம். அதில் இருந்து ஒரு வயரை எங்கள் அம்பிளிஃபயருக்குப் பின்னால் குத்தினால் சரியாம்.

இது வேறு கரண்ட், நேரே குத்தினால் எரியும் என்றேன். அப்படியென்றால் அந்தக் குறைக்கிற பெட்டியையும் சேர்த்துத் தாங்கோ என்றார்.

எனக்கு இருந்த காரணங்கள் அந்த இரண்டும்தான். ஒரு அம்பிளிஃபயரைத் தெரிவு செய்யப் பட்ட பாடு அத்தனையும், பஸ்ஸும் பாலமும் மடியில் பெட்டியும், ஒரு வயரால் முடிந்துபோயிற்று. வாயைத் திறந்தேன். ஓம் என்றுதான் வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது.

பாக்கியம் தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையைக் குலத்தின் கையில் கொடுத்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, மைக் போட ஏலாதுன்னு இல்ல," என்றாள். "ஏலுமா இருந்தாலும் குடுக்க மாட்டேன். இது நாங்க ரெண்டு பேரும் கேக்கிறதுக்கு வாங்குனது."

அறை அப்படியே அடங்கிப் போனது. இந்த அம்பிளிஃபயர் பாட்டில்லாத நேரம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

குலம் அவளையே பார்த்தார். "ஊர்க் காரியத்துக்குத்தானே தங்கச்சி கேக்கிறன்," என்றார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

"ஊர்க் காரியத்துக்கு நான் வாறேன் அண்ணே. கிடாரம் கழுவக் கூப்பிடுங்க, சமைக்கக் கூப்பிடுங்க. இத மட்டும் கேக்காதீங்க."

குலம் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். சூடு ஆறுகிற மட்டும் குடித்தார் என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் முழுவதும் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் சுவரோடு நின்றாள். கோவிலடியில் இனி என்ன பேசுவார்கள், பழைய பெயரை யார் முதலில் எடுப்பார்கள் என்று என் மனம் எங்கெங்கோ ஓடியது. ஓடிப்போய் அம்பிளிஃபயரைத் தூக்கிக் குலத்தின் சைக்கிளில் கட்டிவிடலாமா என்று கூட ஒரு நொடி நினைத்தேன்.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். முகம் நன்றாக இல்லை. படியிறங்கிச் சைக்கிளை எடுத்துப் படலை மட்டும் உருட்டிக்கொண்டு போனார். அங்கே நின்று திரும்பினார்.

"அப்ப கொடியேத்தத்தண்டு காய் வெட்ட நேரத்தோட வந்திடு தங்கச்சி," என்றார். "போனமுறை மாதிரி வெயில் ஏறினாப் பிறகு வராதை."

ஓம் என்றாள் பாக்கியம். சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பி மறைந்தது.

அவள் குலம் குடித்த கோப்பையை எடுத்தாள். குசினி வாசல் மட்டும் போய்த் திரும்பினாள். கோப்பையை மறுபடி வைத்துவிட்டு, கதிரையில் இருந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். பயந்துவிட்டாயோ என்று கேட்டேன். அதை விட நல்ல கேள்வி எனக்கு வரவில்லை.

"இத்தன வருசமா, இல்லைன்னு ஒரு வாட்டி சொன்னா நம்மள இந்த ஊரவிட்டே போகச் சொல்லிருவாங்கன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேங்க," என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. "சொல்லிட்டேன். காய் வெட்ட வரச் சொல்லிட்டுப் போறாரு."